நாற்பத்திரண்டாவது நிமிடம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போத்தனூரில் எங்கள் மாதா கோயில் நோட்டீஸ் போர்டிலிருந்து வந்தது. ஞாயிறு திருப்பலியில் விவிலியத்திலிருந்து முதல் வாசகம் படிப்பது யார், இரண்டாம் வாசகம் யார் என்று மாதாமாதம் பட்டியல் எழுதி ஒட்டுவது என் வேலை. கதை எழுதுகிறவன் என்பதால் என் தலையில் கட்டினார்கள். இந்த மாதப் பட்டியலில், எப்போதும் இருக்கும் ஒரு பெயர் இல்லை.

(இது பாதி உண்மை. மீதியை நான்காம் பகுதியில் சொல்கிறேன். அதுவரை என்னை நம்புங்கள், வேறு வழியில்லை.)

2

முதல் தொடக்கம்: "விமலாராணியின் குரல் மழைக்கு முந்திய..." வேண்டாம். அவள் குரலை வர்ணிக்க ஆரம்பித்தால் நானும் அவள் குரலைப் பற்றிப் பேசித் திரியும் கும்பலில் ஒருவன் ஆகிவிடுவேன்.

இரண்டாம் தொடக்கம்: "ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் விமலாராணி, வயது நாற்பத்தொன்று..." ஐயோ, கடையைச் சொன்னால் ஆளைக் காட்டிக்கொடுத்த மாதிரி. தையல் கடை என்று மாற்றலாமா? தையல் கடை வைத்திருக்கும் வேறொரு அப்பாவி மாட்டிக்கொள்வாள். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். கடை இருந்துவிட்டுப் போகட்டும்.

ஓய்வு கிடைத்தால் அவள் காந்திபுரத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவுக்குக் குரல் கொடுக்கப் போவாள். ஜவுளிக்கடை விளம்பரம், காங்கேயம் பக்கத்துத் தேங்காய் எண்ணெய் விளம்பரம். போன வருடம் ஒரு வேற்றுமொழிப் படத்தின் நாயகிக்குத் தமிழில் பேச ஆள் தேடினார்கள். இவள் போனாள்.

படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இதைப் பாதியில் விட்டுவிட்டு அதைத் தேடப் போய்விடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும். அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கும் ஒருத்தி, சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்த ஒருவன். முதலில் சுவர் வழியாகப் பேச்சு, அப்புறம் ஆசை, அப்புறம் அவள் கணவன் எங்கே காணாமல் போனான் என்ற கேள்வி. நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் திரை இருட்டாகிவிடும். மூன்று நிமிடத்துக்கு வசனமே கிடையாது, அவள் மூச்சு மட்டும்தான்.

3

எங்கள் பங்கில், அதாவது இந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில், இந்தப் படத்தை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

பார்க்காதவர்கள் சொன்னதை எழுதுகிறேன். மாதா சபைப் பெண்மணி ஒருவர் கர்மம், கர்மம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். பாடகர் குழுவில் ஒருவர், முடிவு பாதியிலேயே தெரிந்துவிட்டது, படம் சுமார் என்றார், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஃபாதருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. அதில் குற்றம் நடந்த இடத்தை, விவிலியத்தில் அதிகாரம் வசனம் குறிப்பது போலவே, 42:10 முதல் 45:05 வரை என்று எழுதியிருந்தது.

(இந்தப் பத்தி சிரிப்பாக வந்துவிட்டது. வெட்டியிருக்க வேண்டும். அவள் இரண்டு வாரமாகக் கடைசி பெஞ்சில் உட்காருகிறாள், பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.)

பங்குப் பேரவைச் செயலர் ஷெர்வின் என்னிடம் வந்தான். நல்ல பையன், டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். சனங்க பேசறாங்கண்ணா, கொஞ்ச நாளைக்கு அவங்க பேர் வேண்டாம் என்றான். நான் யார் பெயரையும் அடிக்கவில்லை. எழுதவில்லை, அவ்வளவுதான்.

4

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் ஃபோன், ஃபோனில் பட்டியலின் படம்.

"ஏனுங்ணா, என்ர பேரு உட்டுப்போச்சுங்களா, இல்ல உட்டுப்போட்டீங்களா?"

புதியவர்களுக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று ஃபாதர் நினைத்ததால் நான்

(இந்த வாக்கியத்தை அன்றும் முடிக்கவில்லை.)

அவள் உட்காரவில்லை. "கடையில நான் ஜெராக்ஸ்காரி. ஊட்டுல சோறாக்கறவ. பதினோரு வருசமா அந்தக் கோயில் மைக்கு முன்னாடி மட்டுந்தானுங்ணா நான் பேசினா நாலு பேரு கேக்கறாங்க. அதையும் புடுங்கிப்போட்டா எனக்கு என்ன இருக்குது?"

அவளே அந்த மூன்று நிமிடத்தைப் பற்றிப் பேசினாள்.

"அந்த எடத்துல அவ பயந்துட்டிருக்காங்ணா. அவன் செவுத்துக்கு அந்தப் பக்கம் இல்ல, தன்ர ஊட்டுக்குள்ளயே நிக்கறான்னு தெரிஞ்சுபோச்சு. சத்தம் வரக்கூடாதுன்னு வாயப் பொத்திக்கிட்டு மூச்சு உடறா. ஒரு நாள் பூரா உட்டேன், தலை சுத்திப்போச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டுக்காரரு மிக்சர் தின்னுட்டிருந்தாரு. நீங்கெல்லாம் என்னத்தைக் கேட்டீங்க?"

படியிறங்கும்போது, என் குரல் என்று யார் கண்டுபிடித்தார்களோ அவர்கள் நல்லா இருக்கட்டும் என்றாள்.

மீதி உண்மை இதுதான். கண்டுபிடித்தது நான். மனைவி பல்லடத்துக்குச் சீருக்குப் போயிருந்தாள். பட்டப்பகலில், காதில் இயர்ஃபோனோடு, அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்தேன். அட, நம்ம விமலாராணி என்று துள்ளினேன். அடுத்த ஞாயிறு டீக்கடையில் ஷெர்வினிடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன் என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன், ஒட்டமாட்டேன் என்கிறது.

அவள் போனபின் மூன்றாம் தடவை கேட்டேன், திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு. பயம்தான். முழுக்க முழுக்கப் பயம். முதல் இரண்டு தடவையும் எனக்கு வேறென்னவோ கேட்டிருக்கிறது.

5

பட்டியலைக் கிழித்துவிட்டு வேறு எழுதி ஒட்டினேன். இந்த ஞாயிறு, முதல் வாசகம், விமலாராணி.

முடிவு அ: அவள் வாசிக்கிறாள், எல்லோரும் மனம் மாறுகிறார்கள். (அப்படியெல்லாம் நடக்காது.)

முடிவு ஆ: மனம் வெறுத்து வேறு பங்குக்குப் போய்விடுகிறாள். (எனக்கு ரொம்ப வசதியான முடிவு. அதனால் வேண்டாம்.)

முடிவு இ: நான் எழுந்து, பரப்பியது நானே என்று எல்லோர் முன்னும் சொல்கிறேன். (என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?)

நடந்ததைச் சொல்கிறேன். காலை ஏழரைத் திருப்பலி. அவள் வந்தாள், மைக்கைத் தாழ்த்தினாள், வாசிக்குமுன் ஒருமுறை மூச்சை இழுத்தாள். ஸ்பீக்கர் அதைக் கோயில் முழுக்கக் கொண்டுபோனது. வரிசை வரிசையாகத் தலைகள் குனிந்தன. படத்தைப் பார்க்காதவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் தெரிந்தது. ஓர் எழுத்துக்கூடத் தடுமாறாமல் வாசித்து முடித்து, நிமிர்ந்து, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்றாள்.

இதற்கு நாங்கள் "இறைவா உமக்கு நன்றி" என்று சொல்ல வேண்டும். எப்போதும் ஷெர்வின் உரக்கத் தொடங்குவான், மற்றவர்கள் சேர்ந்துகொள்வோம். ஷெர்வின் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஃபேன் சத்தம் மட்டும் கேட்கிறது. ஸ்பீக்கரில் மறுபடி அவள் மூச்சு, சின்னச் சின்னதாக. இப்போது எனக்கு அது என்னவென்று தெரியும். அவள் என்னைத்தான் பார்க்கிறாள்.

மேலே எழுதிய அத்தனையும் இந்த இடைவெளியில் எழுதியதுதான். மூன்றே வார்த்தை. சொல்லாமல் இருக்கத்தான் இவ்வளவு பக்கம் வளர்த்தேன். என் வாய் இன்னும் திறக்கவில்லை. என் பக்கத்தில் இடம் இருக்கிறது, இவ்வளவு நேரமும் நீங்கள் அதில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், நீங்களும் அவள் குரலைக் கேட்டீர்கள். ஒருவர் தொடங்கினால் போதும்.

அவள் இன்னும் மைக்கை விட்டு நகரவில்லை. நீங்கள் தொடங்குங்கள்.