கேட்பாரற்ற காணிக்கை

மேற்கு மலைத்தொடரின் பின்னே கதிரவன் மெல்லச் சரிய, சங்கரன்கோவில் கோபுரத்தின் நெடுநிழல் கடைத்தெருவைக் கடந்து, கரிசல் வயல்களில் வெடித்து நின்ற பருத்தியை வருடி, ஊரின் கீழ்க்கோடியில் ஓலை வேய்ந்திருந்த மெதடிஸ்த சபையின் சிறுகோயிலை நோக்கி, அழையாத விருந்தினன்போலத் தயங்கித் தயங்கி நீண்டது.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டின் அறுப்புத் திருநாள் அது. ஆண்டவருக்குப் படைத்த பொருள்களை முற்றத்தில் ஏலம் கூவி விற்பதும், எவரும் விலை கேளாததைப் படைத்தவரிடமே திருப்புவதும் அச்சபையின் வழக்கம். கூவும் பொறுப்பு மிளகாய் வற்றல் வணிகர் வேதக்கண்ணுடையது. நல்லீர், வாங்கப்போகும் சரக்கை முதலில் இகழ்ந்து பேசியே வளர்ந்த நாக்கு அவருடையது. கோயில் முற்றத்திலும் அது தன் தொழிலை மறக்கவில்லை.

கீழத்தெருக் கைம்பெண் அன்னக்கிளி, மகளின் காய்ச்சல் தணிந்தமைக்காக நேர்ந்துகொண்ட வெள்ளாட்டை ஓட்டி வந்தாள். அதன் கனத்த மடியைக் கண்டதும் வேதக்கண்ணின் உள்ளம் தம் வீட்டுத் தொழுவத்திற்கு ஓடியது. நாக்கோ நேர்மாறாக ஓடியது.

"ஏலே மூக்காண்டி, ஆட்டப் பாத்தியா? கண்ணு சொருகுது. நாளைக்குச் செத்தா என்னையக் கேக்கப்பிடாது!"

"ஒங்க வாய்க்கு ஆனையே செத்துரும் அண்ணாச்சி, ஆடு எம்மாத்திரம்!" என்றான் பருத்தித் தரகன் மூக்காண்டி.

முற்றம் சிரித்தது, ஆனால் எவரும் விலை கேட்கவில்லை. தாமே கேட்க வாய் திறந்த வேதக்கண், போதகரின் பார்வை தம்மேல் நிலைத்திருக்கக் கண்டு, நாணி வாயை மூடிக்கொண்டார். ஆடு திரும்பியது.

"ஆண்டவருக்கே வேண்டாமாம். எம்புள்ளைக்கு இனி என்ன வருமோ" என்று முனகியபடி அன்னக்கிளி நடந்தாள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு கீழத்தெருவே வரவில்லை. பாதிப் பாய்கள் வெறிச்சோடிக் கிடக்க, பாடல் மெலிந்தது. ஒவ்வொரு வெற்றிடமும் தம்மையே உற்று நோக்குவதாக எண்ணி வேதக்கண் வெந்தார்.

இறுதியில் போதகரை வேண்டி, அவரவர் தம் வாழ்வில் நடந்ததை எழுந்து சொல்லும் சாட்சிக் கூட்டத்தைக் கீழத்தெருப் புங்கமர நிழலில் கூட்டச் செய்து, அனைவர் முன்னும் எழுந்தார்.

"அன்னைக்கு ஏதோ வெளையாட்டாச் சொல்லிட்டேன். சின்னப் பெசகுதான். மனசுல வச்சுக்கிடாதிய..."

கூட்டத்தின் ஓரத்திலிருந்து அன்னக்கிளி நிமிர்ந்தாள்.

"ஆட்டுக்குத்தான் வெலையக் கொறச்சிய அண்ணாச்சி. செஞ்ச பாவத்துக்குமா?"

எவரும் சிரிக்கவில்லை. வேதக்கண் மண்ணில் மண்டியிட்டார்.

"நல்ல ஆடு, தாயி. மடியப் பாத்து ஆசப்பட்டேன். அதான் கொறை சொன்னேன். ஆண்டவரு வேண்டாம்னு சொல்லல. நாந்தான் சொன்னேன்."

அன்னக்கிளி அருகே வந்து, "எந்திரிங்க, மண்ணு ஒட்டுது" என்றாள்.

மறு ஞாயிறு பாய்கள் நிறைந்தன. பின்னாளில் அச்சபை கல்லால் கோயில் எழுப்பிற்று. அடிக்கல் நாட்டியோர் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டன. எதையும் பேரம் பேசிப் பெற்றே பழகிய வேதக்கண், பேரமின்றித் தமக்கு வந்த அந்த மன்னிப்பை எங்கே வைப்பதென்றறியாமல், தம் இறுதி நாள்வரை கடைசிப் பாயிலேயே அமர்ந்திருந்தார்.