பதினோரு பெயர்

என் வீட்டுக்காரர் யேசுரத்தினம், லுணுகலைக்கு மேலே எங்கள் தோட்டத்துச் சின்னக் கோவிலில் முப்பத்தைந்து வருசமாக உபதேசியார். ஃபாதர் டவுனிலிருந்து மாதம் ஒரு தடவை வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்துவது, நோயாளியைப் போய்ப் பார்ப்பது, சாவு வீட்டில் கூடவே உட்கார்ந்திருப்பது எல்லாம் இவர்தான். வேதக்காரர் வீடு, சைவ வீடு என்று பார்க்கமாட்டார். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற மனுஷன், நான் சொன்னதை மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் கேட்டார். இரண்டு வருசமாக அவருக்குக் கண் தெரியாது. காலம் கடந்துவிட்டது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இது வெளியே தெரியக்கூடாது என்று நான்தான் கண்டிப்பாகச் சொன்னேன். நாங்கள் இருக்கிற இரண்டு அறையும் கோவிலுக்குச் சொந்தம். வாசிக்க முடியாத உபதேசியாரை யார் வைத்துக்கொள்வார்கள்? புது ஆள் வந்தால் அவனுக்கு வீடு வேண்டும். பிள்ளை குட்டி இல்லாத நாங்கள் எந்த லயத்து வீட்டு வாசலில் போய் நிற்பது?

அதனால் சனிக்கிழமை பின்னேரம் நான் சுவிசேஷத்தை எழுத்துக் கூட்டி மூன்று தடவை வாசிப்பேன். ஐந்தாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போனவள் நான். இதற்காகவே திரும்ப வாசிக்கப் பழகினேன். அவர் கேட்டு மனதில் வைத்துக்கொண்டு, மறுநாள் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிடுவார்.

அந்த நாட்களில்தான் தோட்டத்துச் சனங்களுக்கு ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. பாதையில் இவரைக் கண்டதும், "உபதேசியாரே, நான் கருப்பம்மா வாறேன்", "நான் கிருஷ்ணராஜ் வாறேன்" என்று சத்தம் கொடுத்துக்கொண்டு வருவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். இத்தனை வருசம் பழகின மனுஷனிடம் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவது என்ன பவுசு என்று முணுமுணுப்பேன்.

இவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. பத்து வருசத்துக்கு முன் மேல் டிவிசனில் மண் சரிந்து பதினோரு பேர் போய்ச் சேர்ந்தார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் பீடத்தின் முன் நின்று பதினோரு பேரையும் பெயர் சொல்லிச் செபிப்பார். தேத்தண்ணி ஆறிப்போகுது என்று நான் கத்துவேன். கடைசிப் பெயர் முடியாமல் வரவே மாட்டார்.

இந்த நவம்பரில், மரித்தவர்களை நினைக்கிற பூசையன்று, அவருக்குப் பாராட்டு வைத்தார்கள். புதிதாக வந்த ஃபாதர் றொமேஷின் ஏற்பாடு. மாரியம்மன் கோயில்காரர்கள் பொன்னாடையோடு வந்திருந்தார்கள். நன்றி சொல்ல நாலு வரி நான் அவருக்குப் பழக்கி வைத்திருந்தேன். ஃபாதரோ ஒரு பேப்பரை எடுத்து, மண் சரிவில் போனவர்களின் பெயரை உபதேசியாரே வாசிக்கட்டும், அதுதான் அவருக்கு மரியாதை என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டார்.

எழுந்து போய்ப் பேப்பரைப் பிடுங்கிவிடலாமா என்று பார்த்தேன். பிறகுதான் நினைவு வந்தது. பெயர்தானே, தினமும் சொல்லுகிற பெயர்தானே.

"சவரிமுத்து. அந்தோனியம்மா. மரியதாஸ். ஜெசீகா." பேப்பரைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். பிறகு, "மாடசாமி" என்றார்.

ஃபாதர் சட்டென்று நிமிர்ந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோவில் பதிவில் இருந்து எழுதிய பேப்பர் அது. அதில் நம்முடைய வேதக்காரர் நாலு பேர்தான் இருப்பார்கள். மற்ற ஏழு பேரும் சைவ ஆட்கள். மாட்டிக்கொண்டார். நிறுத்து மனுஷா என்று கத்தத் தோன்றியது.

பின்னாலிருந்து ஒரு குரல், "இருக்கோங்க" என்றது. மாடசாமியின் பெண்சாதி கருப்பம்மா. காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கிற பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் வரப் பிந்தினால் வீட்டார் குரல் கொடுப்பார்களே, அதே மாதிரி. அடுத்த பெயருக்கு இன்னொரு வீடு குரல் கொடுத்தது. பதினோராவது பெயர் வரைக்கும் அப்படியே போனது.

ஃபாதர் பக்கத்தில் வந்து மெதுவாக, "இதுல நாலு பேருதானே இருக்கு" என்றார்.

"கண்ணு போயி ரெண்டு வருசமாச்சு ஃபாதர். மறைச்சது என் தப்பு" என்றார் இவர்.

நான் எழுந்து, மறைக்கச் சொன்னவளே நான்தான் என்றேன். அழுகை வந்துவிட்டது.

"எங்களுக்குத் தெரியாதாக்கா?" என்றாள் கருப்பம்மா. "அதுக்குத்தானே பேரச் சொல்லிக்கிட்டு வாறோம்." பிறகு ஃபாதரைப் பார்த்தாள். "வாசிக்க எங்க புள்ளைங்க இருக்கு சாமி. எங்க ஆளு பேர எங்களத் தவிர தெனமும் சொல்ல இவர விட்டா வேற யாரு இருக்கா?"

ஃபாதர் பேனாவை எடுத்தார். மறுபடி மெதுவாகச் சொல்லச் சொல்லி, மற்ற ஏழு பெயரையும் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அந்தக் கிழமைக்குள்ளேயே நான் தட்டுமுட்டுச் சாமான்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முறை இல்லை. ஆனாலும் கீழே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இவர் கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஃபாதர் முதல் படியில் கால் வைத்ததும் குரலை உயர்த்தினார்.

"உபதேசியாரே, நான் றொமேஷ் வாறேன்."

நான் உள்ளே போய் சாக்கை அவிழ்த்து, மூன்று கோப்பையை வெளியே எடுத்தேன்.