வாய்க்கால் இருந்த இடம்

மதிவதனி கறுப்பு கவுன் மாட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் முன்சீப் கோர்ட்டில் அவளை அட்வகேட் கமிஷனராகப் போட்டார்கள். இடத்தை நேரில் பார்த்து, கண்டதைக் கோர்ட்டுக்கு எழுதித் தர வேண்டும். ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே, காத்தாயியின் வயலுக்குத் தண்ணீர் போன வாய்க்காலை மேல்வயல்காரர் ராஜ்குமார் தூர்த்துவிட்டார் என்பது வழக்கு.

சர்வேயரோடு அவள் போய் இறங்கியபோது வரப்பில் ராஜ்குமார் இளநீரோடு நின்றார். சிங்கப்பூரில் சம்பாதித்து வந்தவர். குரலை உயர்த்தியே பேசமாட்டார்.

"வாங்க மேடம். மொதல்ல இதக் குடிங்க."

"வேண்டாங்க. காத்தாயியம்மா எங்க? நோட்டீஸ் போயிருக்கே."

"அவங்க வரமாட்டாங்க."

"ஏன்?"

அவர் சிரித்துக்கொண்டே இளநீரை வரப்பில் வைத்தார்.

காத்தாயியின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், மதிவதனி வாயைத் திறப்பதற்குள் ஈரத்துணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டாள்.

வயலில் வாய்க்காலைக் காணோம். வரப்புக்கு வரப்பு புது நடவு. மோட்டார் கொட்டகை ஓரம் ராஜ்குமாரின் ஆட்கள் வந்து நின்றார்கள். மதிவதனி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். கணுக்கால் அளவுதான் சேறு. கொஞ்சம் தள்ளி வைத்த கால் முழங்கால்வரை புதைந்தது. அந்த ஆழம் கோடு பிடித்தாற்போல் காத்தாயியின் வயல்வரை போயிற்று. சர்வேயர் அளந்து பார்த்து, வாய்க்கால் ஓடியது இங்கேதான் என்று தலையை ஆட்டினார்.

"பாத்து மேடம்," என்றார் ராஜ்குமார். "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க மேலதான் பழி வரும்."

கண்டதைக் கண்டபடி எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த வாய்தாவுக்குக் காத்தாயி வந்தாள். வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள்.

"யாராச்சும் மிரட்டினாங்களாம்மா?" என்று நீதிபதி கேட்டார்.

"இல்லிங்கய்யா."

கடைசி பெஞ்சில் ராஜ்குமார் கைகட்டி உட்கார்ந்திருந்தார். மதியத்துக்குமேல் உத்தரவு என்றார் நீதிபதி.

குழாயடியில் காத்தாயி முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மதிவதனி அருகே போனாள். காத்தாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசினாள். "எம் மவன் சேரன கூட்டிட்டுப் போயிட்டாங்க தாயீ. கேஸ் முடிஞ்சா வந்துருவான்னு சொல்றாங்க. நீ எதும் பேசிடாத."

அவளுடைய சீனியர் வக்கீல் வைத்தியலிங்கமும் அதையேதான் சொன்னார். "ரிப்போர்ட் குடுத்ததோட ஒன் வேல முடிஞ்சுதும்மா. விட்டுரு."

கோர்ட் மறுபடி கூடியது. நீதிபதி பேனாவைத் திறந்தார். மதிவதனி எழுந்தாள். பேசாதே என்று அந்தத் தாய் கெஞ்சியது காதிலேயே நின்றது. பேசினால் சேரனுக்கு என்ன ஆகுமோ? பேசாமல் விட்டால் மட்டும் அவனை விட்டுவிடுவார்களா?

"ஐயா, அந்தம்மாவோட பையனக் காணோம்."

காத்தாயி தலையில் கைவைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நீதிபதி உத்தரவை நிறுத்தினார். போலீஸுக்குத் தகவல் போயிற்று. பொழுது சாய்வதற்குள் சேரன் தானாகவே வீட்டு வாசலில் வந்து நின்றான். உடம்பில் காயம் இல்லை. எங்கே இருந்தாய் என்று தாய் கேட்டதற்கும், போலீஸ் கேட்டதற்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. ராஜ்குமார்மேல் கைவைக்க எதுவும் கிடைக்கவில்லை. வழக்கு மட்டும் உயிரோடு இருந்தது.

அடுத்த வாய்தா முடிந்து மதிவதனி படியிறங்கினாள். கீழே காருக்குப் பக்கத்தில் நின்ற ராஜ்குமார் கும்பிட்டார்.

"மேடம் தெனம் எந்த பஸ்ல போறீங்க?"

சொல்லாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். பிறகு, நின்று, தான் போகும் பஸ் எது என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அந்த பஸ்ஸைப் பிடிக்கத்தான் நடந்தாள்.