நாலாம் எண்ணில் வந்த கரை

குபாத் தன் துப்பாக்கியின் புது ஸ்கோப் வளையத்தைப் பதினாறு மடங்குக்குத் திருப்பி மூச்சை அடக்கிப் பார்த்த அன்று, அரை நாள் குதிரைப் பயணத் தூரத்தில் இருந்த மேற்குக் குன்று கிளம்பி வந்து, செங்கிர் ஊரின் வறட்டிக் குவியல்களுக்குப் பின்னால் நின்றது. அதன் உச்சியில் வளைகொம்புக் கிடா ஒன்றும் நின்றது. நடுவில் கிடந்த மேய்ச்சல் நிலம் மடித்து வைத்த ஜமுக்காளம் போல எங்கோ ஒடுங்கிக்கொண்டது. அந்த வருஷம் மாவு விலை ஏறியிருந்தது, முர்காப் பஜாருக்குப் போகும் பாதையில் பாலம் வேறு இடிந்து உட்கார்ந்திருந்தது. ஆகவே குன்றைப் பற்றி முதல் நாள் யாரும் பெரிதாகப் பேசவில்லை. வெயில் இப்படிச் சீக்கிரம் போய்விடுகிறதே என்று பெண்கள்தான் முதலில் முணுமுணுத்தார்கள். கிடா கீழே இறங்கி, குபாத்தின் மச்சான் எர்மெக் சேர்த்து வைத்திருந்த வைக்கோலைத் தின்றுவிட்டு, வந்த வழி தெரியாமல் ஊருக்குள் சுற்றியது. அதைச் சுடக் குபாத்துக்கு மனம் வரவில்லை. வீடு தேடி வந்த விருந்தாளியைச் சுடுவது மாதிரி இருந்தது.

குபாத் வேட்டைக்கு வழிகாட்டுகிறவன். பனி விழத் தொடங்கினால் தூர தேசத்துக்காரர்கள் நீளப் பெட்டிகளில் துப்பாக்கிகளோடு வந்து இறங்குவார்கள். அவர்களைக் கிடாக்கள் நிற்கும் சரிவு வரை கூட்டிப்போய், திரும்பவும் உயிரோடு கொண்டுவந்து சேர்ப்பது அவன் வேலை. முகாமில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஸ்கோப்பில்தான் வந்து முடியும்: எத்தனை மடங்கு வைப்பது. வந்த விருந்தாளிகளில் ஒருவர் பதினாறுக்குக் குறைந்து எதையும் தொடமாட்டார். மந்தையிலேயே பெரிய கொம்புக்காரனைக் கண்ணாடிக்குள் பிடித்தார்; மந்தை லேசாகப் புரண்டது; அந்தச் சின்ன வட்டத்துக்குள் வேறொரு ஆடு நுழைந்ததை அறியாமல், கொம்பு கூடச் சரியாக முளைக்காத குட்டியைச் சுட்டு வைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் ஸ்கோப்பைக் கழற்றிக் குபாத் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஜீப்பில் ஏறிப் போனார். குபாத்துக்குப் புது ஸ்கோப் வந்தது அப்படித்தான்.

"மச்சான், நாலுல வச்சுப் பார்த்தா மலையும் தெரியும், மந்தையும் தெரியும்" என்றான் எர்மெக். "பதினாறுல ஆட்டோட மூக்கு மட்டும்தான் தெரியும். மூக்கை வச்சு என்ன பண்ணப் போறீங்க, சளி சிந்தி விடவா?"

குபாத் சிரிக்கவில்லை. அவன் பிறவிக் கவலைக்காரன். தேநீரில் உப்புக் கூடினால் கூட யாருக்கோ ஏதோ ஆகப்போகிறது என்று நினைக்கிற ஜாதி. குன்று வந்த பிறகு அந்த ஸ்கோப்பின் குணத்தை அவன் பயந்து பயந்து கற்றுக்கொண்டான். துப்பாக்கியிலிருந்து கழற்றினால் அது வெறும் குழாய். குபாத்தின் துப்பாக்கி மேல் பூட்டினால்தான் வேலை செய்யும். மூச்சு விட்டுக்கொண்டு பார்த்தால் ஒன்றும் ஆகாது. சுடுகிறவன் அடக்குவது போல மூச்சை அடக்கினால் மட்டுமே பார்த்தது கிளம்பி வரும். பதினாறில் பாய்ந்து வரும், பத்தில் நடந்து வரும், நாலில் வருவதே கண்ணுக்குத் தெரியாது. வந்தது திரும்பிப் போகாது. வட்டத்துக்குள் இருந்தது வரும், வட்டத்துக்கு வெளியே இருந்தது அங்கேயே நிற்கும். இந்தக் கடைசி விஷயத்தை அவன் தெரிந்துகொண்டது ஒரு கன்றால்.

வேட்டையிலிருந்து திரும்புகிறவனை வழியில் யார் எதிர்ப்பட்டு "ஷிரால்கா" என்று பங்கு கேட்டாலும், அவன் குதிரையை விட்டிறங்கிப் பங்கு வெட்டிக் கொடுத்தே ஆக வேண்டும். எதிரியாக இருந்தாலும் மறுக்கக் கூடாது. மறுத்தவன் துப்பாக்கிக்கு அதன் பிறகு கண் தெரியாது என்பார்கள். குபாத் கொண்டுவந்தது குன்றல்லவா, அதை எப்படிப் பங்கு போடுவது? விதவை கன்ஷாயிம் வழி சொன்னாள். அவன் வாசலில் குதிரையை மறித்து நின்று, "ஷிரால்கா! எனக்குக் குன்றும் வேணாம், கல்லும் வேணாம். மேல் மேய்ச்சல்ல என் தாய் யாக் மாடு நிக்குது. ஏறிப்போய்க் கறக்க முழங்கால் ஒத்துக்கலை. இழுத்துக் குடு" என்றாள். குபாத் பதினாறில் வைத்து இழுத்துக் கொடுத்தான். யாக் வந்தது. வட்டத்துக்கு வெளியே அதன் பின்னங்காலோடு ஒட்டி நின்ற கன்று வரவில்லை. தேடிப்போன ஆட்கள் மேய்ச்சலில் ஓநாயின் கால்தடத்தைத்தான் பார்த்தார்கள். தாய் யாக் மடி சுரக்கவில்லை; அன்று முதல் மலையைப் பார்த்துக் கத்திக்கொண்டே நின்றது. அந்தச் சத்தம் குபாத்தின் வீட்டுச் சுவரைத் துளைத்து வந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போவான்.

அவன் கவலைக்கு வேறு காரணமும் இருந்தது. செங்கிருக்குத் தெற்கே ஆறு. ஆற்றுக்கு அப்பால் ஆப்கான் நாடு. அங்கேயும் இதே கிர்கிஸ் மக்கள், இதே யாக், இதே உப்புத் தேநீர். போக வர விட்டிருந்த காலத்தில் குபாத்தின் தங்கை ஜிபார் அந்தக் கரையில் வாழ்க்கைப்பட்டாள். பிறகு எல்லையை மூடினார்கள், திறக்கவே இல்லை. கன்னிப்பெண்களின் சிவப்பு முக்காட்டோடு போனவள் கல்யாணமானவர்களின் வெள்ளை முக்காட்டுக்கு மாறியதை அவன் தெற்குச் சரிவில் ஒரு புள்ளியாகத்தான் பார்த்தான். எங்கெங்கோ சுற்றி வரும் வியாபாரிகள் வாய்வழியாகச் செய்தி வந்தது: புருஷன் இறந்துவிட்டான், மூன்று பிள்ளைகள், ஜிபார் இருமுகிறாள், இருமலில் ரத்தம் வருகிறது, அந்தப் பக்கம் ஒரு மாதம் நடந்தாலும் வைத்தியர் கிடையாது.

"பதினாறுல வச்சு ஒரே இழுப்பா இழுங்களேன்" என்றாள் அவன் மனைவி புருல். "முர்காப்புல டாக்டர் இருக்காங்க. அவ பொழச்சா போதும்."

"வட்டத்துல ஒரு ஆள்தான் அடங்கும் புருல்."

"பிள்ளைங்களை அடுத்து அடுத்து இழுக்கலாம்ல?"

"கன்னுக்குட்டியையும் அடுத்ததா இழுக்கலாம்னுதான் நெனச்சேன்."

வெளியே யாக் கத்தியது.

இன்னொன்றும் இருந்தது, அதை அவர்கள் வாய் திறந்து சொல்லிக்கொள்ளவில்லை. ஸ்கோப்பில் பார்ப்பது என்றால் துப்பாக்கியை நீட்டுவது. குண்டில்லாத துப்பாக்கியைக் கூட உறவுக்காரர் பக்கம் திருப்பக் கூடாது என்று நடை பழகும்போதே படித்தவன் குபாத். கூடப்பிறந்தவள் மேல் எப்படிக் குறி வைப்பது? கடைசியில் துப்பாக்கி சுடவே முடியாதபடி அதன் போல்ட்டைக் கழற்றிப் புருல் கையில் கொடுத்தான். அவள் அதை முக்காட்டு நுனியில் முடிந்து, அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். குபாத் ஆற்றங்கரைப் பாறையில் படுத்து, துப்பாக்கியைத் தெற்கே நீட்டினான்.

ஜிபாரின் கண்ணுக்குக் கண்ணாடியின் பளபளப்புதான் பட்டிருக்க வேண்டும். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து எவனோ துப்பாக்கி நீட்டுகிறான். பிள்ளைகளைக் கூடாரத்துக்குள் தள்ளினாள். தான் மட்டும் வாசலில் கைகளை விரித்து நின்றாள். குபாத் வளையத்தைப் பதினாறுக்குத் திருப்பினான். வட்டத்துக்குள் அவள் கச்சிதமாக அடங்கினாள், தலையிலிருந்து கால் வரை, தனியாக, தையல்காரன் அளவெடுத்தது போல. அப்படி ஒரு வாய்ப்பு இனி வராது. அவள் கன்னம் ஒட்டியிருந்தது. அவன் நெஞ்சுத் துடிப்பில் வட்டம் குலுங்கியது, அதற்குள் அவளும் குலுங்கினாள். குறி பார்க்கிறவனின் மூச்சு தானாகவே அடங்கத் தொடங்கும். அது அவன் கட்டுப்பாட்டில் இல்லை. அப்போதுதான் அவள் பாவாடையைப் பிடித்திருந்த ஒரு சின்னக் கையைப் பார்த்தான். கை மட்டும் வட்டத்துக்குள் இருந்தது. கைக்குச் சொந்தக்காரன் வெளியே இருந்தான்.

குபாத் இருமினான். வேண்டுமென்றே, தொண்டை கிழிய இருமினான். மூச்சு கலைந்தது, ஒன்றும் கிளம்பவில்லை. வளையத்தை நாலுக்குத் திருப்பினான். நாலில் ஜிபார் வெள்ளைப் புள்ளி. கூடாரம், யாக்குகள், குதிரைக் கம்பம், பின்னால் மலைச்சரிவு எல்லாம் வட்டத்துக்குள் வந்தன. மூச்சை அடக்கினான். ஒன்றும் நகரவில்லை. புருல் பின்னால் அழுதாள்.

மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும் போனான். ஊர் கேலி செய்தது. "மச்சான், நத்தை மேல ஏறி மெக்காவுக்குப் போறீங்களா?" என்று எர்மெக் கேட்டான். அக்கரை நகர்வதை முதலில் கண்டுபிடித்தது ஜிபார்தான். தண்ணீருக்குப் போய் வருகிறவளுக்கு வழி எவ்வளவு என்று கால்தான் சொல்லும். குடம் நிறையத் தண்ணீரோடு வீடு திரும்பும்போது வழக்கமாக மூச்சு வாங்குகிற மேட்டுக்கு முன்னாலேயே வீடு வந்துவிட்டது. கூடாரம் ஆற்றுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. ஆற்றங்கரையில் தினம் ஒருவன் படுத்திருக்கிறான், சுடவில்லை. அப்படிச் சுடாமல் கவலைப்பட்டுக்கொண்டே படுத்திருக்கக் கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான் என்று அவளுக்குப் பட்டது.

அதன் பிறகு விடிந்ததும் ஜிபார் பிள்ளைகளின் முகத்தைக் கழுவி, துப்பாக்கிக்கு நேராக வரிசையில் உட்கார வைத்தாள். யாக்குகளை நெருக்கிக் கட்டினாள். நாயைக் கூடக் காதைப் பிடித்து இழுத்து நடுவில் படுக்க வைத்தாள். இந்தப் பக்கம் புருல் போல்ட்டை முக்காட்டு நுனியில் முடிந்து உட்கார்ந்திருப்பாள். குபாத் நாலில் பார்த்து மூச்சை அடக்குவான். இப்படியே வருஷங்கள் போயின. மூத்த பெண் சிவப்பு முக்காட்டுக்கு வந்தாள், கடைக்குட்டிக்குப் பல் விழுந்து முளைத்தது. ஊரில் யாராவது "ஷிரால்கா" என்று மறித்தால், "பங்கு இருக்கு, நாலுலதான் இருக்கு. காத்திருந்து வாங்கிக்க" என்பான். வளையத்தை யாரும் திருப்பாமல் இருக்கக் கம்பி சுற்றி முறுக்கினான்.

கம்பியை அவனே ஒரு தடவை அவிழ்த்தான். கடுங்குளிர் காலம். வெள்ளைப் புள்ளி வெளியே வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. "போதும்ங்க, திருப்புங்க, நான் பாவத்தைச் சுமக்கறேன்" என்று புருல் கத்தினாள். அவன் நகம் பெயர அவிழ்த்தான். இத்தனை நாள் தவறு செய்துவிட்டோமோ, நிதானம் என்று நினைத்தது வெறும் பயம்தானோ என்று தோன்றியது. பத்து வரைக்கும் வளையம் போய்விட்டது. அப்போது கூடாரத்துத் துணி விலகியது. மூன்று பிள்ளைகளும் சேர்ந்து ஒரு கம்பளத்தை இழுத்துக்கொண்டு வந்தார்கள். கம்பளத்தின் மேல் ஜிபார் கிடந்தாள். அவளை வாசலில் விட்டுவிட்டு, அவள் சொல்லிக்கொடுத்தபடியே, அவளைச் சுற்றி ஒட்டி உட்கார்ந்தார்கள். நாய் தானாக வந்து படுத்தது. குபாத் வளையத்தை நாலுக்குக் கொண்டுவந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சை அடக்கினான். அந்தக் குளிர்காலத்தை ஜிபார் எப்படியோ தாண்டினாள்.

குரல் எட்டுகிற தூரம் வந்த அன்று அவள்தான் முதலில் பேசினாள்.

"அண்ணே! ஷிரால்கா!"

"வேட்டையே நீதானடி, உனக்கு எதை வெட்டிக் குடுக்க?"

"அப்ப முழுசாவே குடு!"

குபாத் ரொட்டியை வீசினான். அது தண்ணீரில் விழுந்தது. அடுத்த மாதம் வீசியது அவள் கையில் விழுந்தது.

ஆறு மெலிந்துகொண்டே போய், ஒரு பாட்டம் மழைக்கு வாசலில் ஓடுகிற தண்ணீர் அளவுக்கு வந்து நின்றது. எல்லைக் காவல் அதிகாரிகள் வரைபடத்தை விரித்துப் பார்த்தார்கள். வரைபடத்தில் ஆறு இருந்தது, இங்கேயும் ஆறு இருந்தது, இரண்டு கரையும் அதனதன் நாட்டில் இருந்தன. எவனும் எல்லை தாண்டவில்லை என்பதால் யார் மேலும் வழக்கில்லை. முர்காப்பிலிருந்து டாக்டர் அம்மா வந்து, இந்த நாட்டில் நின்றபடி அந்த நாட்டில் உட்கார்ந்திருந்த ஜிபாரின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். மாத்திரை தின்றால் பிழைப்பாள், ஆனால் ஒரு பக்க நுரையீரல் போனது போனதுதான், கொஞ்சம் முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும் என்றார். குபாத் தலையைக் குனிந்துகொண்டான். அந்த நுரையீரலைத் தின்றது தன் நாலாம் எண் என்று அவனுக்குத் தெரியும்.

"முன்னாடி வந்திருந்தா நான் மட்டும்தானே அண்ணே வந்திருப்பேன்" என்றாள் ஜிபார். கடைக்குட்டி அவள் பாவாடையைப் பிடித்திருந்தான். கை இப்போது பெரிதாகியிருந்தது.

கன்ஷாயிமின் யாக் ஒரு நாள் குனிந்து அக்கரைப் புல்லைத் தின்றுவிட்டு, அங்கிருந்த தாயில்லாக் கன்றொன்றுக்குப் பால் கொடுக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு அது கத்தவில்லை. ஸ்கோப்பைக் கழற்றிக் குபாத் மாவு டப்பாவுக்குள் போட்டுவிட்டான். வேட்டைக்கு வருகிறவர்கள் எத்தனை மடங்கு வைப்பது என்று கேட்டால், கூட யார் யார் வர வேண்டும் என்பதைப் பொறுத்தது என்கிறான். தேநீர்க் கிண்ணங்கள் இரண்டு நாட்டுக்கும் போய் வருகின்றன, கிண்ணத்துக்குப் பாஸ்போர்ட் கிடையாது. குளிர்காலத்தில் ஆற்றின் மேல் பனி மூடிவிடுவதால் பிள்ளைகளுக்கு அது இருக்கும் இடமே தெரிவதில்லை. விளையாட்டு எந்த வீட்டில் முடிகிறதோ அங்கேயே சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். ஜிபாருக்கு மட்டும் தெரியும். அண்ணன் வீட்டுக்கு அடுப்பு நெருப்பு கேட்டு வரும்போது, அந்த இடத்தில் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நடக்கிறாள்.