கேட்க வேண்டாத நல்ல சேதி

டியூஷன் டீச்சர் வீட்டுச் சமையலறையில் கேஸ் அடுப்புக்குப் புது ட்யூப் மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மெக்கானிக் நுரை வண்டியில் கிளம்பினான். தெருமுனை திரும்பும்போது சந்தேகம் வந்தது. ட்யூபை இறுக்கும் கிளிப்பை முறுக்கினோமா? முறுக்கியது இந்த வீட்டிலா, இதற்கு முந்தின வீட்டிலா?

கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது.

நுரை என்பது அவன் வேலை செய்யும் அடுப்பு ரிப்பேர் கடையில் வைத்த பெயர். சோப்பு நுரையை ஒரு தடவை தடவிப் பார்த்தால் போதும் என்ற இடத்தில் பத்துத் தடவை தடவுவான். பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி தடவுவான். "அடுப்பை ரிப்பேர் பண்ணச் சொன்னா குளிப்பாட்டிட்டு வரானே!" என்று மீசை என்ற கூட்டாளியும் மற்றவர்களும் கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். உள்ளே ஈரக்குலை நடுங்கிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. ஒருநாள் பூட்டிக் கிடந்த வீட்டின் மதிலேறிக் குதித்து, திருடன் என்று தர்ம அடி வாங்கினான். அதன் பிறகுதான் மனைவி அவனை மனநல ஆலோசகரிடம் இழுத்துப்போனாள்.

அந்த அம்மா மந்திரமா போட்டார்? சந்தேகம் வந்தாலும் திரும்பிப் போகாமல் நிற்கப் பழக்கினார், அவ்வளவுதான். முதலில் வீட்டுப் பூட்டு, பிறகு வீட்டு அடுப்பு, கடைசியில் வேலை. "பயம் பால் மாதிரி பொங்கும். நீங்க திரும்பிப் போற ஒவ்வொரு தடவையும் அடியில ஒரு விறகு வைக்கிறீங்க. வைக்காம நின்னு பாருங்க, தானா அடங்கும்" என்றார். மாதக்கணக்கில் நின்று பார்த்தான். அடங்கியது.

கடைசிச் சந்திப்பில் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "கால் வழுக்கற நாள் வரும். வழுக்கறது வேற, விழுந்து கிடக்கறது வேற. வழுக்கின அன்னைக்கே வீட்ல சொல்லிடுங்க." பிறகு மனைவியிடம், "அவர் எவ்வளவு கெஞ்சினாலும் 'சரியாத்தான் மாட்டியிருப்பீங்க'ன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா. கேக்கறப்போ மருந்து மாதிரி இருக்கும், ஆனா நோய்க்குத்தான் தீனி."

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகத்தான் இருந்தான். போன வாரம் யாரோ ஒரு வீடியோ அனுப்பினார்கள். ஏதோ ஒரு ஊரில் கேஸ் கசிந்து எரிந்துபோன வீடு. கருகிய ஜன்னல், தெருவில் கிடந்த ஒற்றைச் செருப்பு. அன்றிலிருந்து சோப்பு நுரையை இரண்டு தடவை தடவத் தொடங்கினான். 'ஜாக்கிரதை நல்லதுதானே' என்று தனக்கே சொல்லிக்கொண்டான். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

இப்போது தெருமுனையில் நிற்கிறான். மாலையானால் அந்த வீட்டு முன்னறை முழுக்கப் பிள்ளைகள். பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினான்.

பேக்கரி வேலையிலிருந்து வந்த மனைவி அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். அவன் முகம் கழுவினான், துடைத்தான், மறுபடி கழுவினான். பிறகு ஒன்றுமில்லாதது போலக் கேட்டான்.

"டீச்சர் வீட்டு ட்யூபை நான் சரியாத்தானே மாட்டியிருப்பேன்?"

அவள் கை தட்டிலேயே நின்றது. அந்தக் கேள்வி ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் காதில் விழவில்லை.

"எப்பலேர்ந்துங்க?"

"என்ன எப்பலேர்ந்து? ஒரு வார்த்தை கேட்டா பதில் சொல்லேன்."

"அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேங்க. பயமா இருக்குன்னு சொல்லுங்க, பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"அங்க குழந்தைங்க இருக்கும்டி! உனக்குக் கல்லு மனசா?"

அவள் கண் கலங்கியது. பதில் அவள் நாக்கு நுனிவரை வந்ததை அவனால் பார்க்க முடிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அவன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தான்.

டீச்சர் கதவைத் திறந்தபோது பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். "ஸ்பேனரை விட்டுட்டேன் மேடம்" என்று பொய் சொல்லி உள்ளே போனான். கிளிப் இறுகித்தான் இருந்தது. ரெகுலேட்டரைக் கழற்றி, மாட்டி, சோப்பு நுரை தடவினான். ஒரு குமிழிகூட இல்லை. உடம்பே பஞ்சாகிவிட்டது. சிரித்துக்கொண்டே படியிறங்கினான்.

அந்தச் சிரிப்பு கேட்டைத் தாண்டவில்லை. ரெகுலேட்டரை எதற்குக் கழற்றினோம்? திரும்ப மாட்டும்போது 'டிக்' சத்தம் கேட்டதா? பிள்ளைகள் போட்ட சத்தத்தில் கேட்டதுபோல் இருந்ததா? சரியாக இருந்ததை நாமே கெடுத்துவிட்டோமோ? கருகிய ஜன்னல் கண்முன் வந்தது. இந்த முறை அது இந்த வீட்டு ஜன்னல். ஓடிப்போய் மணியை அழுத்தினான்.

டீச்சர் இந்தத் தடவை கதவைப் பாதிதான் திறந்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் அவர் முகமும் வெளுத்தது.

"என்னங்க? ஏதாவது ஆபத்தா? பிள்ளைங்கள வெளிய அனுப்பிடட்டுமா?"

வாய்ப்பாடு நின்றுவிட்டது. அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சிறுமி பென்சிலைக் கடித்தபடி அவனையே பார்த்தாள். தன் வயிற்றுக்குள் இருந்த பயம் அந்த அறை முழுக்கப் பரவி நிற்பதை அவன் பார்த்தான். 'ஆமாம், தள்ளுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சமையலறைக்குள் போய்விடலாம். கால் வாசற்படியில் ஏறியேவிட்டது.

"இல்லீங்க மேடம்" என்றான். "முறைப்படி சோதிச்சுட்டுத்தான் வந்தேன். கோளாறு அடுப்புக்கு இல்ல, எனக்கு. திரும்பத் திரும்பப் பாக்கச் சொல்ற ஒரு வியாதி. ஸ்பேனர்னு சொன்னது பொய். மன்னிச்சுடுங்க."

"உங்க கடைக்கு போன் பண்ணப் போறேன்."

"பண்ணுங்க."

கதவு சாத்திக்கொண்டது. எதிரே பஸ் நிறுத்தத்து பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே வந்திருக்கிறாள். அவன் போய் அவள் பக்கத்தில் விழுந்தாற்போல் உட்கார்ந்தான்.

"வழுக்கிட்டேன். ஒரு வாரமாச்சு. உன்கிட்ட மறைச்சுட்டேன்."

"ம்" என்றாள். "இப்ப என்ன பண்ணுது?"

"இப்பவே வெடிக்கும்னு இருக்கு."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, வெடிக்காது என்றும் சொல்லவில்லை. அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு லாரி டயர் வெடித்ததோ என்னவோ, எங்கோ 'டமார்' என்றது. அவன் துள்ளி எழுந்தான். கால்கள் அந்த வீட்டுப் பக்கம் இழுத்தன. அவள் பிடித்து நிறுத்தவில்லை, கூடவே எழுந்து நின்றாள்.

"பிள்ளைங்க வெளிய வர்றதை மட்டும் பாத்துட்டுப் போயிடலாமா?" என்றான் குழந்தைபோல.

"அதுவும் திரும்பிப் போறதுதானேங்க?"

அவன் சாவியை அவளிடம் நீட்டினான். "வண்டியை நீ ஓட்டு. நான் ஓட்டினா அங்கதான் திரும்புவேன்" என்றான். பிள்ளைகள் வெளியே வருவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அன்று முழுக்க அவன் காது தீயணைப்பு வண்டியின் மணியோசைக்காகவே திறந்திருந்தது. பால் அடங்கவில்லை. ஆனால் அவன் விறகும் வைக்கவில்லை.

மறுநாள் ஆலோசகருக்கு போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனான். முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அந்த டீச்சரம்மா ஒரே சத்தம். குடிச்சிருந்தியா?"

நுரை எல்லாவற்றையும் சொன்னான், மதிலேறிக் குதித்தது உட்பட. கேலி செய்யும் கூட்டாளிகள் காதில் விழும்படியேதான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

"சரிப்பா" என்றார் முதலாளி கடைசியில். "வைத்தியத்தைப் பாரு. வேலையும் பாரு. அந்த வீட்டுக்கு நம்ம மீசையை அனுப்பியிருக்கேன். பாத்துட்டு வந்து சொல்லுவான்."

நுரைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அவன் என்ன சொன்னாலும் என்கிட்ட சொல்லாதீங்க முதலாளி."

"யோவ், எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னாக்கூடவா?"

"அதைத்தான் சொல்லவே கூடாது."

முதலாளி அவனை ஒரு தினுசாகப் பார்த்தார். "ஊர் உலகம் நல்ல சேதிக்கு நாக்கைத் தொங்கப்போட்டு அலையுது. நீ ஒருத்தன்தான்யா வேண்டாங்கற!"

சற்று நேரத்தில் வாசலில் மீசையின் வண்டி வந்து நின்றது. இறங்கும்போதே வாயெல்லாம் பல். "நுரை, அந்த டீச்சர் வீட்ல…" என்று தொடங்கினான். கேட்டுவிட நுரையின் காது தவித்தது. அந்த ஒரு வாக்கியத்துக்காக உயிரையே கொடுக்கலாம் போலிருந்தது. கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அவன் முடிப்பதற்குள் அடுத்த வீட்டு வேலைக்குக் கிளம்பிப் போனான்.