முனவ்வறா கழுவிய கமரா

வெள்ளம் மூடிய ஒழுங்கையில் போன தோணியில் யாரும் எழும்பி நிற்கக் கூடாது என்று தோணிக்காரர் இரண்டு தரம் சொல்லியிருந்தார். சபியா உம்மா இரண்டு தரமும் தலையாட்டினார். ஆனால் கரைக்கு நாலைந்து முழம் இருக்கும்போது வேலியோரம் நின்ற பெண் வீட்டாரைக் கண்டதும் எழும்பி நின்று ஸலாம் சொன்னார். குந்தியிருந்து ஸலாம் சொல்வது மரியாதையில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

தோணி ஒரு பக்கம் சரிந்து திரும்பவும் நிமிர்ந்தது. யாரும் விழவில்லை. ஸம்றாவின் மடியிலிருந்த தோல் பை மட்டும் வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. அவள் பாய்ந்து பிடியைப் பிடித்து இழுத்தபோது பையின் நாலு மூலையாலும் தண்ணீர் ஊற்றியது. ஆற்று வெள்ளமும் கடலும் கலந்து நின்ற தண்ணீர். சற்று முன்புதான் சபியா உம்மா அதை அள்ளி வாய் கொப்பளித்துவிட்டு, உப்புக் கரிக்கிறதென்று துப்பியிருந்தார்.

பைக்குள் கமரா இருந்தது.

அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு நவம்பர் மாதம். கமராவை அனுப்பியவன் ஸம்றாவின் தம்பி மசூர். தோஹாவில் ஒரு கட்டடக் கொம்பனியின் களஞ்சியத்தில் வேலை. அவனுக்கு ஒலுவிலில் இருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெண்ணின் பெயர் முனவ்வறா. எல்லாம் பொருந்தி வந்தது, படம் ஒன்றைத் தவிர. முன்பு வேறொரு கலியாணப் பேச்சில் கொடுத்த அவளுடைய படம் மூன்று ஊர் சுற்றிக் கடைசியில் எங்கே போனதென்றே தெரியாமல் போயிருந்தது. இனிமேல் எங்கள் பிள்ளையின் படம் எந்த ஸ்டூடியோவுக்குள்ளும் போகாது என்று பெண்ணின் தாய் சல்மா உம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட மசூர், ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவரிடம் இந்தக் கமராவைக் கொடுத்தனுப்பினான். இதற்குப் பிலிம் கிடையாது, கழுவத் தேவையில்லை, கொம்பியூட்டரால் நேரே தனக்கு வந்துவிடும், வந்த பிறகு அழித்துவிடலாம் என்று கடிதமும் எழுதியிருந்தான். அழித்துவிடலாம் என்ற சொல்லில்தான் சல்மா உம்மா இறங்கி வந்தார்.

ஸம்றாவுக்கு முப்பத்துநாலு வயது. கல்முனைக்குடியில் வீடு, மூன்று பிள்ளைகள். அந்தக் கமராவை இயக்கப் பழக அவளுக்கு ஒரு கிழமை எடுத்தது. ஒலுவிலுக்கு வரும் வழியில் இராணுவக் காவலரணில் எல்லாரும் பஸ்ஸை விட்டிறங்கி நடந்தபோது, பையைத் திறந்து பார்த்த சிப்பாய் பிலிம் போடும் இடத்தைத் தேடிக் களைத்துப் போனான். ஸம்றா அவனுடைய சப்பாத்தைப் படமெடுத்துக் காட்டி, அழித்தும் காட்டினாள். அவன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்த சாமான், பெண் வீட்டு வாசலுக்கு எதிரே தண்ணீரில் முங்கிவிட்டது.

வீட்டு மண்டபத்துக் கதிரையில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஸம்றா கமராவை வெளியே எடுத்துச் சாரித் தலைப்பால் துடைத்தாள். சுவிச்சை அமத்தினாள். லென்ஸ் பாதி வெளியே வந்து, கிர்ரென்று சத்தம் போட்டு நின்றது. திரும்பவும் அமத்தினாள். அடுப்படியில் கொஞ்ச நேரம் வைத்தால் காய்ந்துவிடும் என்றார் சபியா உம்மா. அவர் ஸம்றாவின் சாச்சி, உம்மாவின் தங்கை. மழை விட்டதும் வெயிலில் வைக்கலாம் என்றார் சல்மா உம்மா. பெண்ணின் வாப்பா மீராமுகைதீன் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். ஸம்றா மூன்றாம் தரமும் சுவிச்சில் விரலை வைத்தாள்.

"ராத்தா, சுவிச்ச அமத்தாதீங்க. முதல்ல பெட்டரியக் கழட்டுங்க."

குரல் உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வந்தது. மண்டபத்தில் எல்லாரும் திரைச்சீலையைப் பார்த்தார்கள். தேத்தண்ணீர் குடித்து, நாலு வார்த்தை கதைத்து, அதற்குப் பிறகுதான் பெண் தட்டத்தோடு குனிந்த தலையாக வருவதென்று ஏற்பாடு. சல்மா உம்மா திரையைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். திரை விலகியது. பாக்கு நிறப் பட்டுச் சாரியும் கை நிறைய வளையலுமாக முனவ்வறா வெளியே வந்தாள். கையில் தட்டம் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பேசினில் கிணற்றுத் தண்ணீர் இருந்தது.

"உள்ளுக்குப் போனது உப்புத் தண்ணியா?" என்று கேட்டாள்.

"ஓம் புள்ள."

"அப்ப நல்ல தண்ணியில கழுவணும்."

ஸம்றா கமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தண்ணீரில் விழுந்ததைத் திருப்பித் தண்ணீரிலேயே போடுவதா என்று கேட்டாள்.

"தண்ணி காஞ்சி போயிரும் ராத்தா. உப்புப் போகாது. அது உள்ளுக்கே நிண்டு கம்பியெல்லாம் திண்டுரும்."

முனவ்வறா தையல்காரி. வீட்டு விறாந்தையில் எட்டுப் பெண்களுக்குத் தையல் பழக்கிக்கொடுத்தாள். இரண்டு வருடத்துக்கு முந்திய வெள்ளத்தில் அவளுடைய மெஷின் மோட்டர் முழுதாக முங்கிப் போனது. வெயிலில் காயவைத்த பக்கத்து வீட்டு மோட்டர் ஒரு மாதத்தில் துருப்பிடித்துச் செத்துப்போக, கழற்றிக் கழுவிக் காயவைத்த அவளுடையது இன்றைக்கும் ஓடுகிறது. இதை அவள் பேசினைப் பிடித்தபடி நின்று நிதானமாகச் சொன்னாள். பெருமை எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

ஸம்றா கமராவை விடவில்லை. தம்பி ஆசையாக வாங்கிய சாமான். கழுவிக் கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது? ஆனால் தன்னிடம் வேறு யோசனையும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. இன்னும் பேர் சொல்லிக்கூட அறிமுகமாகாத பெண்ணின் கையில் கமராவைக் கொடுத்துவிட்டு, பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டாள்.

முனவ்வறா பெட்டரி நாலையும் எடுத்தாள். படம் பதிகிற சின்ன அட்டையையும் எடுத்துத் தனியே வைத்தாள். கமராவைப் பேசினுக்குள் அமிழ்த்தி, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல மெதுவாகப் புரட்டினாள். மூன்று தரம் தண்ணீர் மாற்றினாள். அதன் பிறகு, தண்ணீரை வெளியே இழுக்க ஸ்பிரிட் வேண்டும் என்றாள். சல்மா உம்மா சவூதியில் இருந்து வந்த ஓடிக்கொலோன் வாசனைப் போத்தலை எடுத்து நீட்டினார். வாசனை எண்ணெய் உள்ளே ஒட்டிக்கொள்ளும், காயத்துக்குப் போடுகிற ஸ்பிரிட்தான் நல்லது என்று மகள் சொன்னாள். மீராமுகைதீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அதே தோணியில் ஏறி மருந்துக் கடைக்குப் போனார்.

அவர் போத்தலோடு வந்தபோது முனவ்வறா வளையல்களைக் கழற்றி வைத்திருந்தாள். பட்டுச் சாரியின் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். தையல் மெஷின் லாச்சியில் கிடந்த ஆகச் சின்னத் திருப்புளியால் ஆணிகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் எடுத்த ஒழுங்கிலேயே ஒரு கடுதாசியில் வைத்தாள். மேல் மூடி கழன்றது. உள்ளே விரலை விட்டாள்.

அடுத்த கணம் "வாப்பா" என்று கத்தியபடி பின்னால் சாய்ந்து விழுந்தாள். திருப்புளி சபியா உம்மாவின் காலடியில் போய் விழுந்தது. எல்லாரும் எழும்பிவிட்டார்கள். ஸம்றா ஓடிப்போய் அவளைத் தூக்கினாள். முனவ்வறா வலது கையை உதறிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சாதாரணச் சிரிப்பில்லை, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

"கரண்ட் அடிச்சிட்டு. பெட்டரி இல்லாமலே அடிக்கிது ராத்தா. இதுக்கு இன்னும் உசிரிரிக்கி."

வெளிச்சம் அடிப்பதற்காக உள்ளே சேமித்து வைத்திருந்த மின்சாரம் அது என்று பிறகு மசூர் விளக்கினான். அந்த நேரம் யாருக்கும் அது தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண் மல்லாந்து விழுந்து சிரித்துவிட்டாளே என்று சல்மா உம்மா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டார். ஸம்றாவுக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டதிலிருந்து அவள் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

முனவ்வறா மிச்ச வேலையை மரக் கரண்டிக் காம்பும் பஞ்சுமாக, விரல் படாமல் முடித்தாள். பச்சையரிசியை வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்து, ஒரு பால்மாத் தகரத்துக்குள் கொட்டினாள். கமராவை வெள்ளைத் துணியில் சுற்றி அதற்குள் புதைத்து மூடினாள். வறுத்த அரிசி ஈரத்தை இழுக்கும், இரண்டு நாளைக்குத் தகரத்தைத் திறக்கக் கூடாது என்றாள்.

அன்றைக்கே திரும்புவதாகத்தான் வந்திருந்தார்கள். மழை வேறுவிதமாக நினைத்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு தோணியும் நின்றுவிட்டது, பஸ் ஓடவில்லை என்றும் செய்தி வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண் வீட்டில் தங்குவதை அந்தப் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. மீராமுகைதீன் தண்ணீருக்குள்ளால் நடந்துபோய், ரோட்டுக் கடையிலிருந்து கல்முனைக்குப் போன் பண்ணி ஸம்றாவின் புருஷனுக்கு அறிவித்தார். ஒரு மணித்தியாலத்துக்குள் சபியா உம்மாவும் சல்மா உம்மாவும் நிந்தவூரில் ஒரு பொதுச் சொந்தத்தைக் கண்டுபிடித்து, அந்தக் குடும்பத்தின் குறைகளைப் பிரித்து மேய ஆரம்பித்துவிட்டார்கள்.

ஸம்றாவின் உம்மா ஒரு பட்டியல் சொல்லி அனுப்பியிருந்தார். உயரம், நிறம், தலைமுடி, நடை, ஓதல் என்று எல்லாம் பார்த்துவர வேண்டும். இரண்டாம் நாள் பகல் விறாந்தையில் முனவ்வறாவோடு உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பட்டியல் ஸம்றாவின் நினைவுக்கு வந்தது. அதற்குள் நிலைமை தலைகீழாகியிருந்தது. கேள்வி கேட்டது முனவ்வறா.

"ஒங்கட தம்பிக்குக் கோவம் வந்தா என்ன செய்வாரு?"

அவனுக்குக் கோபமே வராது என்று சொல்வதுதான் வழக்கம். ஸம்றாவின் வாயில் அந்த வார்த்தை வந்தும்விட்டது. ஆனால் இன்னும் ஸ்பிரிட் மணந்துகொண்டிருந்த அந்தக் கைகளைப் பார்த்ததும் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"கதைக்க மாட்டான். ரெண்டு நாளைக்கு ஒரு சொல்லும் வராது. மூணாம் நாள் தானா வந்து சோறு கேப்பான்."

முனவ்வறா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எனக்கு ரெண்டு நாள் பொறுக்க ஏலாது ராத்தா. அத அவருக்குச் சொல்லுங்க" என்றாள்.

இன்னும் இரண்டு காரியம் சொன்னாள். கலியாணம் ஆனாலும் தையல் வகுப்பு நடக்கும். தன்னுடைய படம் தோஹாவுக்குப் போவதென்றால் அவருடைய படமும் ஒலுவிலுக்கு வர வேண்டும். ஸம்றா கொண்டுவந்திருந்த படத்தைக் காட்டினாள். அது மசூருக்கு இருபத்திரண்டு வயதில் எடுத்தது. முனவ்வறா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இப்போதைய படம்தான் வேண்டுமாம்.

மூன்றாம் நாள் காலையில் மழை விட்டது. தகரத்தைத் திறந்தபோது எல்லாரும் சுற்றி நின்றார்கள். முனவ்வறா கமராவின் மூடியைப் பூட்டி, புதுப் பெட்டரி போட்டு, பிஸ்மி சொல்லிச் சுவிச்சை அமத்தும்படி ஸம்றாவிடம் நீட்டினாள். லென்ஸ் முழுதாக வெளியே வந்தது. பின்பக்கத் திரை வெளித்தது. ஸம்றா அவசரப்பட்டு அமத்தியதில் முதல் படமாக, வாய் நிறைய வெற்றிலையோடு சபியா உம்மா விழுந்தார். படத்தின் வலது மூலையில் தேத்தண்ணீர் சிந்தியதுபோல ஒரு கறை இருந்தது. துடைத்துப் பார்த்தார்கள், போகவில்லை. கறை லென்ஸுக்கு உள்ளே இருந்தது. மற்றதெல்லாம் தெளிவு.

பட்டுச் சாரியை உடுத்திவரச் சொன்னார் சல்மா உம்மா. அது நனைந்து சுருங்கிவிட்டது என்று மகள் சொல்லிவிட்டு, கழுத்தில் அளவுநாடா தொங்க, மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். தலையைக் குனியச் சொன்னதற்கும் அவள் இணங்கவில்லை. ஸம்றா ஒரே ஒரு படம் எடுத்தாள்.

கல்முனையில் கொம்பியூட்டர் வைத்திருந்த தொலைத்தொடர்பு நிலையம் ஒன்றிலிருந்து அந்தப் படம் தோஹாவுக்குப் போய்ச் சேர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. இரண்டு தரம் லைன் அறுந்தது. ஸம்றா விஷயத்தைச் சொல்லியிருந்ததால், கடைக்காரர் எந்தப் பொத்தானை அமத்துவதென்று சொல்லிவிட்டு அவ்வளவு நேரமும் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். போனதும் படத்தை அழித்தாள். சல்மா உம்மாவுக்கு அன்றைக்கே ரோட்டுக் கடைப் போனில் அறிவித்தாள்.

மறுநாள் மசூர் போனில் கதைத்தான். பெண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. படத்தின் மூலையில் என்ன கறை என்று கேட்டான். ஸம்றா தோணியிலிருந்து தொடங்கித் தகரம் வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னாள். கரண்ட் அடித்த இடம் வந்ததும் அவன் இடைமறித்து, அது வெளிச்சம் அடிப்பதற்கான மின்சாரம் என்று விளக்கினான். கடைசியில்தான் கேட்டான்.

"ராத்தா, அவவுக்கு என்னப் புடிச்சிருக்காமா?"

"யோசிக்கிறாவாம். நீ முதல்ல ஒன்ட படத்த அனுப்பு."

அவன் மூன்று படம் அனுப்பினான். நிலையத்துக்காரர் அவற்றைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துக் கொடுக்க, ஸம்றா அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறினாள். வெள்ளம் வற்றி ஒழுங்கை தெரிந்ததால் இந்தத் தரம் நடந்தே போனாள்.

முனவ்வறா மூன்றையும் மெஷின் மேசையில் வரிசையாக வைத்தாள். முதல் படத்தில் மசூர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கொம்பனி ஜீப்பில் சாய்ந்து நின்றான். இரண்டாவதில் களஞ்சியத்து இறாக்கைகளுக்கு நடுவே, மீசையோடு, கையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவதில் கோட்டுப் போட்டு டை கட்டி, மீசையை மழுங்க வழித்திருந்தான். அவள் முதலாவதையும் மூன்றாவதையும் எடுத்து ஸம்றாவின் பக்கம் தள்ளினாள்.

"இந்த ஆளெண்டா எனக்குச் சரி."

"மூணும் ஒரே ஆள்தானே புள்ள?"

"இல்ல ராத்தா. மீசை இரிக்கிற ஆள்."

அன்று மாலையே ஸம்றா தோஹாவுக்குப் போன் எடுத்தாள். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்னால் லீவு கிடைக்கும் என்று மசூர் சொன்னான். அதற்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. வழித்த மீசை திரும்ப வளர அது தாராளம் என்றாள் ஸம்றா.