தும்மக் கூடாத அறை

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு தும்மலில் பிறந்தது. ஓர் ஆய்வுக்கூடத்தை வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். மூக்கு அரித்தது. அங்கிருந்த பெண் ஆய்வாளர் பாய்ந்துவந்து என் மூக்கைப் பிடித்துவிட்டார். உறைய வேண்டிய குளிரையும் தாண்டி ஒரு திரவத்தை உறையவிடாமல் வைத்திருக்கிறாராம். லேசாக அதிர்ந்தாலே படிகமாகிவிடுமாம். (இனி அவரை ‘அவள்’ என்றே எழுதுவேன். கதைக்குள் வந்துவிட்டால் மரியாதை அவ்வளவுதான்.)

2.

முதல் தொடக்கம்: ‘பனி படர்ந்த குடுவைக்குள் காலம் மெல்ல…’ வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: அவள் கணவருக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. ஆய்வுக்கூடத்துக்கே வந்து காதோடு கேட்டார்.

“என்கூட வர்றியா, இல்லையா?”

“மெதுவாங்க. உறைஞ்சிடப் போகுது.”

இது பரவாயில்லை. மனிதர் தினமும் வந்தார், செருப்பை வெளியே விட்டுவிட்டு, பூனை மாதிரி. அதே கேள்வி, அதே பதில்.

3.

(கொஞ்சம் இயற்பியல். தாண்டிப் போகிறவர்கள் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். குளிரக் குளிர அந்தத் திரவத்தின் என்ட்ரோபி, அதாவது உள்ளேயிருக்கும் தாறுமாறு, மளமளவென்று குறையும். அதே போக்கில் போனால் ஒரு கட்டத்தில் திரவம் படிகத்தைவிட ஒழுங்காகிவிட வேண்டும். அபத்தம். அந்த மானக்கேடு வருவதற்கு முன்பே அது இறுகிக் கண்ணாடியாகி, மிச்சத் தாறுமாறோடு அப்படியே நின்றுவிடுகிறது.)

இவர்களுக்கும் அதே கதிதான். ஆய்வுக்கூடத்தில் கத்தாத பழக்கம் வீட்டுக்கும் வந்து, சண்டை குறைந்தது. கதவை அறைந்து சாத்துவது நின்றது. சேர்ந்து வாழ்வது என்று முடிவெடுத்தவர்களைவிட, முடிவே எடுக்காத இவர்கள் ஒழுங்கானார்கள். “அவங்களைப் பார்த்தாவது திருந்துங்க” என்று பக்கத்து வீட்டுக்காரி தன் புருஷனைத் திட்டினாள்.

4.

அந்தக் கணவர்மேல் எனக்குச் சந்தேகம். இத்தனை பொறுமை எந்த மனிதனுக்கு உண்டு? ஒரு வரைவில் கத்தவைத்தேன். திரவம் உறைந்தது, அவள் அழுதாள், அவர் போய்… அத்தனை வரியையும் அடித்துவிட்டேன். ஆளைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

5.

ஒருநாள் அவள் குடுவையைச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே இருந்தது அசையவில்லை. கண்ணாடியாகியிருந்தது.

“ஏங்க, இனிமே சத்தமாவே பேசலாம். ஒண்ணும் ஆகாது.”

அவர் தொண்டையைச் செருமினார். பழக்கம் விட்டுப்போய்க் குரல் பிசிறடித்தது. கேள்வியும் மாறிப்போயிருந்தது.

“உனக்கு நான் வேணுமா?”

[சத்தியமாக இது நான் எழுதிய வசனம் இல்லை.] அவளிடம் சாக்கு எதுவும் மிச்சமில்லை. நான் மூன்று பதில் எழுதி மூன்றையும் கிழித்துப் போட்டேன். மனிதர் பெட்டியோடு நிற்கிறார். நீங்களாவது ஏதாவது சொல்லுங்கள், அவர் ரயிலுக்கு நேரமாகிறது.